கட்டைக்குக் கட்டை எவ்வளவு தூரம்? பியானோ தொடங்குகிறவர்களுக்கு

இராமேசுவரத்திலோ மண்டபத்திலோ தொண்டிப் பக்கமோ ஒரு வீட்டுக்குள் நிஜமான பியானோவைப் பார்ப்பது அபூர்வம். கீபோர்டு அப்படியில்லை. மாதா கோயில் பாடகர் குழுவில் பீடத்துக்குப் பக்கவாட்டில் ஒன்று நிற்கும். திருவிழாக் கச்சேரிக்கு வருகிற குழுவிடம் ஒன்று இருக்கும். வளைகுடாவிலிருந்து மாமா வாங்கி வந்தது ஒன்று பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடக்கும். முழுப் பரீட்சை முடிந்ததும் அதைக் கீழே இறக்கித் துடைக்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை மாசத்துல பாட்டு வாசிக்கலாம்?"

ஒரு விரலால் ஒரு பாட்டின் மெட்டைத் தட்டுவதற்கு மாதக்கணக்கெல்லாம் வேண்டாம். ஒரு சாயங்காலம் போதும். எந்தக் கட்டைக்கு அப்புறம் எந்தக் கட்டை என்று மனப்பாடம் செய்துவிட்டால் மெட்டு வந்துவிடும். சிக்கல் அடுத்த நாள் வருகிறது. பாடுகிற அக்கா, "எனக்கு இது தாழ்வா இருக்கு, கொஞ்சம் ஏத்தி வாசி தம்பி" என்பார். மனப்பாடம் செய்த அத்தனையும் அந்த இடத்தில் பயனில்லாமல் போய்விடும். ஒவ்வொரு கட்டையையும் தெரிந்து வைத்தவருக்கு, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரியவில்லை என்பதுதான் காரணம். பியானோவில் தொடக்கக்காரர் கற்க வேண்டிய முதல் விஷயம் அந்தத் தூரம்தான் என்பது என் கட்சி. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன்னால் கருவியைப் பற்றிச் சில வார்த்தை.

பியானோ ஒரு கம்பி வாத்தியம். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகும். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி அரண்மனையில் வாத்தியங்களைப் பராமரித்துவந்த பார்தோலோமியோ கிறிஸ்டோபோரி என்பவர் 1700 வாக்கில் இதைச் செய்தார். அவர் 1720இல் செய்த ஒரு பியானோ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதற்கு முன் இருந்த ஹார்ப்ஸிகார்டு என்ற கட்டை வாத்தியத்தில் கட்டையை எப்படி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான் வரும். கிறிஸ்டோபோரியின் கருவியில் மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும், வேகமாக அழுத்தினால் பலமாகவும் ஒலித்தது. சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அதனால் தட்டிய பிறகு கட்டையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் சத்தம் அதிகமாகாது. போன சத்தம் போனதுதான்.

ஹார்மோனியத்தில் பழகியவர்களுக்கு இந்த இடம்தான் இடறும். ஹார்மோனியத்தில் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி போடுகிற கையின் வேலை. கட்டையில் இருக்கும் விரலுக்கு அதில் பங்கு இல்லை. கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தால், காற்று இருக்கும்வரை சுரமும் நிற்கும். பியானோவில் சுரம் பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும்.

இப்போதைய கீபோர்டுகள் கம்பியும் சுத்தியலும் இல்லாமல் இதே வேலையைச் செய்கின்றன. ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ரப்பரில் இரண்டு சின்ன கரித்தொடுப்புகள் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் படும், மற்றது அடுத்துப் படும். இரண்டுக்கும் இடையில் போன நேரத்தைக் கருவி அளந்துகொள்கிறது. நேரம் குறைவு என்றால் வேகமாக அழுத்தினீர்கள் என்று பொருள். பலமான சத்தம் வரும். இதைத்தான் கடைக்காரர்கள் "டச் ரெஸ்பான்ஸ்" என்கிறார்கள். இது இல்லாத கீபோர்டும் கடையில் உண்டு, விலையும் குறைவு. பொம்மையாக விளையாட அது போதும். பியானோ கற்க நினைக்கிறவர் அதை வாங்க வேண்டாம். 61 கட்டை, முழு அளவு அகலம், டச் ரெஸ்பான்ஸ் ஆகிய மூன்றும் இருந்தால் முதல் இரண்டு வருடத்துக்குத் தாங்கும். வசதி இருந்தால் 88 கட்டையோடு, சுத்தியல் கனத்தைப் போலவே கனம் வைத்த டிஜிட்டல் பியானோ வாங்கலாம். விரலுக்கு அதுதான் நல்ல பயிற்சி.

கம்பி வைத்த பியானோவே வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், நம் கடற்கரையில் நான் தடுத்துவிடுவேன். உள்ளே ஏறத்தாழ 230 எஃகுக் கம்பிகள் இருக்கின்றன. ஜன்னல் கம்பியையே சில வருடத்தில் அரிக்கிற உப்புக்காற்று அவற்றை மட்டும் விட்டுவைக்காது. போதாக்குறைக்கு, ஒலிப்பலகை மரம் ஈரத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். அப்படி ஆகும் ஒவ்வொரு முறையும் சுருதி நகரும். அதைச் சரிசெய்ய ஆள் மதுரையிலிருந்தோ அதைவிடத் தூரத்திலிருந்தோதான் வரவேண்டியிருக்கும்.

கீபோர்டுக்கும் உப்புக்காற்று எதிரிதான், ஆனால் சமாளிக்கலாம். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது. ஒரு கட்டை மட்டும் திடீரென்று அலறினாலோ சத்தமே போடாவிட்டாலோ பெரும்பாலும் அந்தக் கரித்தொடுப்பில் தூசியோ உப்போ படிந்திருக்கும். திறந்து சுத்தம் செய்தால் சரியாகிவிடும். கருவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பல்லி உள்ளே போய் முட்டையிடுவதும் உண்டு. ஆகவே பீரோவுக்கு மேலே திறந்தபடி வைக்காதீர்கள்.

பன்னிரண்டுதான்

முழுப் பியானோவில் 88 கட்டைகள்: வெள்ளை 52, கறுப்பு 36. முதல் பார்வைக்கு மிரட்டும். கறுப்புக் கட்டைகளை மட்டும் பாருங்கள். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக நிற்கும். ஓர் இரண்டும் ஒரு மூன்றும் சேர்ந்தால் ஐந்து கறுப்பு. அவற்றைச் சுற்றி ஏழு வெள்ளை. ஆக மொத்தம் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டேதான் இடமிருந்து வலமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சுற்றுக்கு ஸ்தாயி என்று பெயர். 61 கட்டைக் கீபோர்டில் இப்படி ஐந்து சுற்று, முடிவில் ஒரு கட்டை கூடுதல்.

இரட்டைக் கறுப்புக்கு இடது பக்கம் ஒட்டி இருக்கிற வெள்ளைதான் சி. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி இரட்டைக் கறுப்பைக் கண்டுபிடித்து, இடது பக்கம் இறங்கி சி-யைத் தொட்டுப் பாருங்கள். முதல் நாள் வேலை இவ்வளவுதான். கீபோர்டில் இருக்கிற எல்லா சி-யையும் இப்படிப் பார்க்காமல் தொட வந்தால் அடுத்ததுக்குப் போகலாம்.

சி-யிலிருந்து வலது பக்கமாக வெள்ளைக் கட்டைகள் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. நம் பாடகர்கள் இதையே ஒரு கட்டை, இரண்டு கட்டை, மூன்று கட்டை என்று ஏழுவரை எண்ணுவார்கள். சி என்றால் ஒரு கட்டை, ஜி என்றால் ஐந்து கட்டை. நடுவில் வரும் கறுப்பு அரை: சி-க்கும் டி-க்கும் நடுவில் ஒன்றரைக் கட்டை, எஃப்-க்கும் ஜி-க்கும் நடுவில் நாலரை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பு கிடையாது, ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. பி-க்கும் அடுத்த சி-க்கும் நடுவிலும் இல்லை. பியானோவில் ஏழரை கிடையாது. நமக்கு வரவேண்டிய ஏழரை வேறு வழியாக வந்துகொள்ளும்.

இப்போது தூரத்துக்கு வருவோம். ஒரு கட்டையிலிருந்து ஒட்டி இருக்கிற அடுத்த கட்டைக்குப் போவது ஒரு படி. அந்தக் கட்டை கறுப்பா வெள்ளையா என்பது முக்கியமில்லை. சி-யிலிருந்து பக்கத்துக் கறுப்புக்கு ஒரு படி, அங்கிருந்து டி-க்கு இன்னொரு படி. ஆகவே சி-யிலிருந்து டி இரண்டு படி. இ-யிலிருந்து எஃப் ஒரே படி, ஏனென்றால் நடுவில் யாரும் இல்லை. கண்ணுக்கு எல்லா வெள்ளைக் கட்டைகளும் ஒரே இடைவெளியில் நிற்பதுபோல் தெரியும். காதுக்கு அப்படியில்லை. தொடக்கக்காரர்கள் ஏமாறும் இடம் இது.

ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் ஏறத்தாழ 1.06 மடங்கு கூடும். பன்னிரண்டு படி ஏறினால் சரியாக இரண்டு மடங்கு. நடு ஏ-யின் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் ஏ 220, மேலே இருப்பது 880. எங்கிருந்து தொடங்கினாலும் ஒரு படி என்பது ஒரே மடங்குதான். பாட்டை எந்தக் கட்டைக்கு மாற்றினாலும் அது அதே பாட்டாகக் கேட்பது இதனால்தான்.

சி-யிலிருந்து வெள்ளைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் ச ரி க ம ப த நி ச என்று சங்கராபரண ராகம் வரும். படிகளை எண்ணுங்கள்: 2, 2, 1, அப்புறம் 2, அப்புறம் 2, 2, 1. முன்பாதியில் ச-வுக்கும் ம-வுக்கும் நடுவில் என்ன இருக்கிறதோ அதுவேதான் பின்பாதியில் ப-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவிலும் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது 2, 2, 1 மட்டும்தான்.

ஜி-யை ச-வாக வைத்து இதே எண்ணிக்கையில் ஏறிப் பாருங்கள். ஜி, ஏ, பி, சி, டி, இ வரைக்கும் வெள்ளையிலேயே போகலாம். அடுத்து இரண்டு படி வேண்டும், ஆனால் எஃப் ஒரே படியில் நிற்கிறது. அதைத் தாண்டி இருக்கிற கறுப்பை எடுக்க வேண்டும். எடுத்தால் சங்கராபரணம் ஐந்து கட்டையில் வந்துவிட்டது. இந்த ஒரு கறுப்பு எதற்கு வந்தது என்று உங்களுக்குப் புரிந்துவிட்டால், ஏற்றி வாசிக்கச் சொன்ன அக்காவுக்குப் பதில் சொல்லத் தயாராகிவிட்டீர்கள்.

சங்கீதம் கற்கப் போனால் முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவார்கள். அதன் படிகள் 1, 3, 1, அப்புறம் 2, அப்புறம் 1, 3, 1. சங்கராபரணத்தைப் போலவே இரண்டு பாதியும் ஒரே அச்சு. பாட்டு வகுப்புக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு இதன் ஓசை காதில் ஏற்கெனவே இருக்கும். அவர்கள் கீபோர்டில் முதலில் இதை வாசிப்பது நல்லது. விரல் தப்பினால் காதே சொல்லிக்கொடுக்கும்.

கறுப்பில் தொடங்குங்கள்

எல்லாப் புத்தகமும் சி-யில் தொடங்கும், வெள்ளையில் நடத்தும். நான் கறுப்பில் தொடங்கச் சொல்வேன். மூன்று கறுப்புக் கூட்டத்தின் முதல் கட்டையை, அதாவது நாலரைக் கட்டையை, ச-வாக வையுங்கள். அங்கிருந்து வலது பக்கம் கறுப்புகளை மட்டும் வரிசையாக அழுத்துங்கள்: மூன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் அடுத்த மூன்றின் முதல் கட்டை. படிகள் 2, 2, 3, 2, 3. அதுதான் மோகனம். கறுப்பை விட்டு விலகாதவரை எந்த வரிசையில் அழுத்தினாலும் மோகனத்தின் சுரங்களே வரும். வெளிச் சுரம் தட்ட வாய்ப்பே இல்லை என்பதால் கூச்சப்படுகிற பெரியவர்களுக்கும் இது தைரியம் கொடுக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே ஐந்து கறுப்புகள், ஆனால் ச-வை மட்டும் மாற்றுங்கள். மூன்றின் நடுக்கட்டையை ச-வாக வைத்தால் மத்யமாவதி. மூன்றின் கடைசிக் கட்டையை வைத்தால் ஹிந்தோளம். இரட்டையின் முதல் கட்டையில் தொடங்கினால் சுத்த சாவேரி, இரண்டாவதில் தொடங்கினால் சுத்த தன்யாசி. நம் சங்கீதத்தில் இதற்கு கிரக பேதம் என்று பெயர். பாட்டாகக் கேட்டால் பிடிபடச் சிரமமான இந்த விஷயம், பியானோவில் கண்ணுக்கு முன்னாலேயே பரப்பி வைத்திருக்கும். கட்டைகள் மாறவில்லை, எங்கிருந்து அளக்கிறோம் என்பது மட்டும்தான் மாறியது.

வெள்ளையிலும் இதைச் செய்யலாம். சி-யில் சங்கராபரணம், டி-யில் கரகரப்பிரியா, இ-யில் தோடி, எஃப்-இல் கல்யாணி, ஜி-யில் அரிகாம்போதி, ஏ-யில் நடபைரவி. பி-யில் தொடங்கினால் மட்டும் ராகம் நிற்காது. அங்கே ச-விலிருந்து ஏழு படியில் ஒரு வெள்ளை இல்லை, அதாவது பஞ்சமம் (ப) கிடைக்காது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன பெயர்களை வைத்துக்கொண்டு, "தோடி வாசித்துவிட்டேன்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். தோடியின் உயிர் அசைவில் இருக்கிறது. வீணைக்காரர் கம்பியை இழுத்தும், நாதசுரக்காரர் மூச்சையும் விரலையும் அடக்கியும் ஒரு சுரத்தை அடுத்ததை நோக்கி அசைப்பார்கள். பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வழி கிடையாது. கீபோர்டின் இடது ஓரத்தில் சுரத்தை வளைக்க ஒரு சக்கரம் இருக்கும். அதை வைத்து இந்த அசைவை, அதாவது கமகத்தை, வாசிக்கிற கைதேர்ந்தவர்களும் உண்டு. தொடக்கக்காரர் அதன் பக்கம் போக வேண்டாம். அசைவு அதிகம் தேவைப்படாத மெட்டாகத் தேர்ந்தெடுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதி, நோட்டுஸ்வரம் என்று முப்பதுக்கும் மேல் பண்ணி வைத்திருக்கிறார். எல்லாம் சங்கராபரணத்து வெள்ளைக் கட்டைகளில் அடங்குபவை, கமகமும் தேவைப்படாதவை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை. கோயில் பிள்ளைகளுக்கு ஞானப்பாடல்கள் இருக்கின்றன. அவற்றிலும் மெதுவாக நடக்கிறவை நல்லவை.

விரல்

இரண்டு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வலது கையால் சி-யிலிருந்து எட்டு வெள்ளைகள் ஏற வேண்டும், விரலோ ஐந்துதான். 1, 2, 3 என்று சி, டி, இ வாசித்துவிட்டு, மூன்றாம் விரல் இன்னும் இ-யில் இருக்கும்போதே கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து எஃப்-இல் வைக்க வேண்டும். பிறகு 2, 3, 4, 5 என்று மேல் சி-யில் போய் முடியும். இடது கை ஏறும்போது 5, 4, 3, 2, 1 என்று ஜி வரை போய், மூன்றாம் விரல் கட்டைவிரலுக்கு மேலாகத் தாண்டி ஏ-யில் இறங்கும். அப்புறம் 2, 1.

கட்டைவிரல் நுழையும்போது முழங்கை வெளியே துள்ளினால் வேகம் ஒருநாளும் வராது. முழங்கை அசையாமல் கட்டைவிரல் மட்டும் போக வேண்டும். இதை அவசரமில்லாமல் ஒரு வாரம் செய்யுங்கள். ஒற்றை விரலால் தட்டிப் பழகிவிட்ட பிள்ளைக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். "நான் ரெண்டு விரலாலேயே வேகமா வாசிப்பேனே" என்று காட்டவும் செய்வான். காட்டட்டும். இடது கை வந்து சேரும்போது தெரிந்துகொள்வான்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம், கீபோர்டைத் தரையில் வைத்துச் சம்மணம் போட்டு வாசிப்பது. ஹார்மோனியத்துக்கு அது சரி. கீபோர்டுக்கு மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கிவிடும், கொஞ்ச நேரத்தில் வலிக்கும். கட்டையும் முழங்கையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஸ்டாண்டு வாங்காவிட்டால் சாப்பாட்டு மேசை போதும். நாற்காலி தாழ்வாக இருந்தால் ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள். விரல்கள் லேசாக வளைந்து, நுனி சதை கட்டையில் பட வேண்டும். நகம் கட்டையில் டக் டக் என்று ஒலித்தால் வெட்டிவிட்டு வாருங்கள்.

இடது கைக்கு என்ன வேலை?

இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். வலது கை மெட்டு வாசிக்கும், இடது கை மடியில் கிடக்கும். சிலர் கீபோர்டில் இருக்கிற தாளப் பொத்தானைத் தட்டிவிட்டு, இடது கையை ஒற்றைக் கட்டையில் ஊன்றி நிற்பார்கள். பின்னணி எல்லாவற்றையும் கருவியே போட்டுக்கொள்ளும். கேட்க ஜோராக இருக்கும். ஆனால் அங்கே வாசிப்பது கருவிதான், நீங்கள் இல்லை. முதல் ஆறு மாதம் அந்தப் பொத்தான்கள் அங்கே இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இடது கையைத் தம்புராவாக்குங்கள். ச-வையும் ப-வையும் ஒன்றாக அழுத்துங்கள். சுண்டுவிரலில் ச, கட்டைவிரலில் ப. இரண்டுக்கும் நடுவில் ஏழு படி. சி என்றால் ஜி, நாலரைக் கட்டை என்றால் ஒன்றரைக் கட்டை. இதை நாலு எண்ணிக்கைக்கு ஒருமுறை நிதானமாக அழுத்திக்கொண்டு, வலது கையில் மோகனத்தில் மனம்போன போக்கில் வாசியுங்கள். இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்யப் பழகுவதற்கு இதைவிட நோகாத வழி கிடையாது.

அது வந்ததும் கார்டு. மூன்று சுரங்களை ஒன்றாக அழுத்துவதைத்தான் வாத்தியக்காரர்கள் கார்டு என்கிறார்கள். இங்கேயும் தூரம்தான் எல்லாம். ஒரு கட்டை, அதிலிருந்து நான்கு படி, அதிலிருந்து மூன்று படி: மேஜர். மூன்று படி முதலிலும் நான்கு படி பிறகும் வந்தால் மைனர். சி-யில் தொடங்கினால் சி, இ, ஜி என்று சி மேஜர். ஏ-யில் தொடங்கி ஏ, சி, இ என்றால் ஏ மைனர். மேஜர் வெளிச்சமாகவும் மைனர் கொஞ்சம் ஏங்குவதுபோலவும் கேட்கும். நடுக்கட்டை ஒரே ஒரு படி நகர்வதுதான் வித்தியாசம்: சி, இ, ஜி-யில் இ-யை மட்டும் பக்கத்துக் கறுப்புக்கு இறக்கிப் பாருங்கள், சி மைனர் ஆகிவிடும்.

சங்கராபரணத்து மெட்டு ஒன்றுக்கு மூன்று கார்டு இருந்தால் ஓரளவு ஓட்டிவிடலாம்: ச, ம, ப ஆகியவற்றில் நிற்கும் மேஜர் கார்டுகள். சி-யில் வாசித்தால் அவை சி, எஃப், ஜி. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கையைத் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள். சி, இ, ஜி-யில் சுண்டுவிரலைச் சி-யிலேயே விட்டுவிட்டு, இ-யை எஃப்-க்கும் ஜி-யை ஏ-க்கும் நகர்த்தினால் சி, எஃப், ஏ. அதுவும் எஃப் மேஜர்தான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. திரும்ப சி-க்கு வந்து, இந்த முறை கட்டைவிரலை ஜி-யிலேயே விடுங்கள். சி-யை பி-க்கும் இ-யை டி-க்கும் இறக்கினால் பி, டி, ஜி; அது ஜி மேஜர். கை இருந்த இடத்திலேயே இருக்க, விரல் மட்டும் ஓரிரு படி நகர்கிறது. இந்த மூன்றையும் கண் பார்க்காமல் மாற்ற வந்துவிட்டால் பாடகர் குழுவில் ஓரமாக உட்கார இடம் கேட்கலாம்.

எந்தக் கார்டு எங்கே வரும் என்பதற்கு விதி தேடி அலைய வேண்டாம். மெட்டில் நீண்டு நிற்கிற சுரம் எது என்று பாருங்கள். அந்தச் சுரம் எந்தக் கார்டுக்குள் இருக்கிறதோ அதைப் போட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் இரண்டாவது. காது ஒப்புக்கொண்டால் அதுதான் சரி.

பயிற்சி

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுவதைவிடத் தினமும் இருபது நிமிடம் நல்லது. விரல் கற்றுக்கொள்வது தூக்கத்துக்கு நடுவில் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நேற்று தடுமாறிய இடம் இன்று காலையில் சும்மா வருவதை அனுபவத்தில் பார்த்த பிறகு சிரிக்க மாட்டீர்கள்.

மெதுவாக வாசிப்பதுதான் கஷ்டம். சீராகத் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து (கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது) வலது கை தனியாக, இடது கை தனியாக, அப்புறம் சேர்த்து. சேர்க்கும்போது வேகத்தை இன்னும் குறையுங்கள். தப்பு வந்தால் பாட்டின் தலையிலிருந்து தொடங்காதீர்கள். தப்பின இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு சுரம் சேர்த்து, அதை மட்டும் திருப்பித் திருப்பி வாசியுங்கள். தலையிலிருந்தே தொடங்குகிறவர்களுக்குப் பாட்டின் முதல் வரி மட்டும் பிரமாதமாக வரும்.

படகு வேலைக்குப் போகிற இளைஞர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கிடைக்கிறது. வலை பின்னுகிற, படகுக்கு வர்ணம் அடிக்கிற வேலை போக மீதி நேரம் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே சமயம் விடுமுறை. அந்த இரண்டு மாதத்தில் கறுப்புக் கட்டை மோகனம், 2-2-1, கட்டைவிரல் நுழைப்பு, ச-ப, மூன்று கார்டு எல்லாவற்றையும் முடிக்கலாம். வலை இழுக்கிற கைக்குப் பியானோ வராது என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மையில்லை. காய்ப்புக் காய்த்த விரலுக்கு மென்மையாக அழுத்தக் கொஞ்ச நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். வீடு நெருக்கமான தெருவில் இருந்தால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் 2-2-1ஐ இரண்டு மாதம் கேட்க வேண்டியதில்லை. மின்சாரம் போனாலும் கவலையில்லை, பேட்டரி போட இடம் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினால் சரி.

யூடியூபில் வண்ண விளக்குகள் மேலிருந்து விழுந்து கட்டையைக் காட்டுகிற வீடியோக்கள் ஏராளம். அவற்றைப் பார்த்து ஒரு பாட்டைப் பிடித்துவிடலாம். அடுத்த பாட்டுக்கு மறுபடி விளக்கு வேண்டும். பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. பார்த்துப் பிடித்த பாட்டின் முதல் வரியை அன்றைக்கே வேறு இரண்டு கட்டையில் தொடங்கி வாசித்துவிடுங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டினால் நீங்கள் சி-யில் வாசிப்பதைக் கருவி டி-யில் ஒலிக்கும். கோயிலில் பூசை தொடங்கப்போகிற அவசரத்துக்கு அதை அமுக்கலாம், குற்றமில்லை. வீட்டில் பழகும்போது அமுக்கக் கூடாது.

இசைக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டுமா? வேண்டும், ஆனால் முதல் மாதத்தில் இல்லை. குறிப்பில் ஐந்து ஐந்து கோடுகளாக இரண்டு தொகுதி இருக்கும்: மேல் தொகுதி பெரும்பாலும் வலது கைக்கு, கீழ்த் தொகுதி இடது கைக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டிக் கோட்டில் உட்கார்ந்திருப்பது நடு சி. கோட்டுக்குக் கோடு எழுத்தை மனப்பாடம் செய்வதைவிட, இந்த நடு சி-யிலிருந்து எத்தனை இடம் மேலே, எத்தனை இடம் கீழே என்று எண்ணிப் படிக்கப் பழகுவது சுலபம். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துவது போன்ற இசைத் தேர்வுகளில் எட்டு கிரேடு இருக்கிறது. சான்றிதழ் வேண்டுமென்றால் எழுதலாம். தேர்வுக்காக மூன்றே மூன்று உருப்படிகளை வருடம் முழுக்க உருப்போடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆசிரியர் கிடைத்தால் நல்லது, மாதம் ஒருமுறையாவது. விரல் எண்ணும் மணிக்கட்டும் தானாகப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாதவை. ஆசிரியரைத் தேடும்போது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: "சார், இதே பாட்டை அரைக் கட்டை ஏத்தி வாசிக்க முடியுமா?" பொத்தானைத் தேடாமல் கையை நகர்த்தி வாசிக்கிறவரிடம் சேர்ந்துவிடுங்கள்.